டிரான்சிட்டிவா, இன்டிரான்சிட்டிவா? கோத்தகிரி மாலை வகுப்பில் அடிக்கடி வரும் கேள்விகள்

கோத்தகிரியில் மாலை நேரத்தில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள், ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிப்பவர்கள் வருவார்கள், டாக்சி ஓட்டுபவர்களும் ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களும் வருவார்கள். யார் வந்தாலும் வினைச்சொல் பாடம் தொடங்கியதும் ஒரே கேள்விதான்: எது டிரான்சிட்டிவ், எது இன்டிரான்சிட்டிவ், எப்படிக் கண்டுபிடிப்பது? அவர்கள் கேட்டவற்றைக் கேட்ட மாதிரியே கீழே தந்திருக்கிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் பிடிபடும்.

மிஸ், முதலில் இந்த இரண்டு பெயருக்கும் என்ன அர்த்தம்?

வினை யார் மேல், எதன் மேல் போய்ச் சேருகிறதோ அது ஆப்ஜெக்ட். தமிழில் செயப்படுபொருள். ஆப்ஜெக்ட் இருந்தால் அந்த வினை டிரான்சிட்டிவ், இல்லாவிட்டால் இன்டிரான்சிட்டிவ். தமிழ் இலக்கணப் பாடத்தில் முதலாவதைச் செயப்படுபொருள் குன்றா வினை என்றும், இரண்டாவதைச் செயப்படுபொருள் குன்றிய வினை என்றும் படித்திருப்பீர்கள்.

'தி விமென் பிளக்டு டீ லீவ்ஸ்.' பெண்கள் கொழுந்து பறித்தார்கள். எதைப் பறித்தார்கள்? கொழுந்தை. ஆகவே 'பிளக்' இங்கே டிரான்சிட்டிவ். 'தி மிஸ்ட் டிசப்பியர்டு.' மூடுபனி மறைந்தது. எதை மறைந்தது என்று கேட்கவே வாய் வராது. 'டிசப்பியர்' இன்டிரான்சிட்டிவ்.

மேலே 'இங்கே' என்று ஒரு சொல் போட்டேன், கவனித்தீர்களா? வினையை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்து இது எந்த வகை என்று கேட்டால் பாதி நேரம் பதிலே கிடையாது. வாக்கியத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும். கீழே வரும் பல குழப்பங்கள் இதை மறப்பதால் வருபவை.

வினையைப் பார்த்து 'வாட்?', 'ஹூம்?' என்று கேள், பதில் வந்தால் டிரான்சிட்டிவ் என்று டியூஷனில் சொன்னார்கள். அது போதாதா?

முக்கால்வாசி இடத்தில் போதும். மீதிக் கால்வாசியிலிருந்துதான் தேர்வில் கேள்வி எடுக்கிறார்கள்.

'மை சிஸ்டர் பிகேம் எ நர்ஸ்.' அக்கா என்ன ஆனாள்? நர்ஸ். பதில் வந்துவிட்டது, ஆனால் அது ஆப்ஜெக்ட் இல்லை. அக்காவும் நர்ஸும் ஒரே ஆள்தான். அக்கா நர்ஸை எதுவும் செய்துவிடவில்லை. 'பி', 'பிகம்', 'சீம்' போன்ற வினைகள் எழுவாயையும் அதைப் பற்றிச் சொல்லவரும் சொல்லையும் ஒட்டவைப்பவை. லிங்கிங் வெர்ப் என்று பெயர். பின்னால் வருவது காம்ப்ளிமென்ட்.

'தி சாக் வெய்ஸ் ஃபிஃப்டி கிலோஸ்.' கேரட் மூட்டை ஐம்பது கிலோ இருக்கிறது. ஐம்பது கிலோ வெறும் அளவு. அதே மூட்டையை மண்டியில் ஒருவர் தராசில் ஏற்றினால் 'ஹி வெய்டு தி சாக்'. இப்போது மூட்டை ஆப்ஜெக்ட், 'வெய்' டிரான்சிட்டிவ். 'வி வாக்டு டூ அவர்ஸ்' என்பதும் இப்படித்தான். இரண்டு மணி நேரம் என்பது 'எதை' என்ற கேள்விக்குப் பதில் இல்லை, 'எவ்வளவு நேரம்' என்பதற்குப் பதில்.

சந்தேகம் வந்தால் பேசிவ் (தமிழில் செயப்பாட்டு வினை) ஆக்கிப் பாருங்கள். பின்னால் இருப்பதை எழுவாயின் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். 'தி சாக் வாஸ் வெய்டு' நிற்கிறது. 'ஃபிஃப்டி கிலோஸ் வாஸ் வெய்டு பை தி சாக்' நிற்கவில்லை. 'எ நர்ஸ் வாஸ் பிகம்' என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும்.

இந்தச் சோதனையிலும் ஓட்டை உண்டு. 'ஹி ஹாஸ் எ டாக்சி' என்பதில் டாக்சி ஆப்ஜெக்ட்தான், ஆனால் 'எ டாக்சி இஸ் ஹேட் பை ஹிம்' என்று யாரும் பேசமாட்டார்கள். 'ரிசெம்பிள்' (ஒத்திரு), 'லாக்' (இல்லாதிரு), 'சூட்' (பொருந்து) போன்றவையும் இதே கூட்டம். ஆகவே பேசிவ் பொருந்தினால் டிரான்சிட்டிவ் என்று தைரியமாக எழுதுங்கள். பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இன்டிரான்சிட்டிவ் என்று முடிவு கட்டாதீர்கள்.

'க்ரோ' டிரான்சிட்டிவா, இன்டிரான்சிட்டிவா? ஒரு கைடில் ஒன்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் வேறு.

இரண்டு கைடும் சரி, கேள்விதான் தப்பு. 'கேரட்ஸ் க்ரோ வெல் இன் கேத்தி.' கேத்தியில் கேரட் நன்றாக வளரும். இன்டிரான்சிட்டிவ். 'மை அங்கிள் க்ரோஸ் கேரட்ஸ் இன் கேத்தி.' மாமா கேரட் பயிரிடுகிறார். டிரான்சிட்டிவ்.

தமிழில் இந்த இரண்டுக்கும் வினையே மாறிவிடும். பிள்ளை வளர்ந்தான், தாய் வளர்த்தாள். பஸ் நின்றது, டிரைவர் நிறுத்தினார். பாறை உருண்டது, மழை உருட்டியது. வெண்ணெய் உருகியது, அம்மா உருக்கினாள். நமக்கு நாக்கிலேயே இந்த வித்தியாசம் ஊறியிருக்கிறது. 'பஸ் நிறுத்தியது' என்று மூன்று வயதுக் குழந்தை சொன்னால்கூடத் திருத்துவோம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரே வடிவமே இரண்டு வேலையையும் பார்க்கும்: 'தி பஸ் ஸ்டாப்டு', 'தி டிரைவர் ஸ்டாப்டு தி பஸ்'. 'ஓப்பன்', 'ப்ரேக்', 'மெல்ட்', 'பாய்ல்', 'ரோல்', 'ஃப்ரீஸ்', 'மூவ்' எல்லாம் இந்த ரகம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது 'தி வாட்டர் ஃப்ரோஸ்' என்றும் சொல்லலாம், 'தி கோல்டு ஃப்ரோஸ் தி வாட்டர்' என்றும் சொல்லலாம்.

நம் மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும்போது இன்ஜின் முன்னால் இழுக்காது, பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து தள்ளும். 'தி இன்ஜின் மூவ்ஸ் தி ட்ரெயின்', 'தி ட்ரெயின் மூவ்ஸ்' இரண்டும் சரி. 'தி இன்ஜின் புஷஸ் தி கோச்சஸ்' சரி. ஆனால் பெட்டிகள் நகர்கின்றன என்ற பொருளில் 'தி கோச்சஸ் புஷ்' என்று சொல்ல முடியாது. 'மூவ்' இரண்டு பக்கமும் போகும், 'புஷ்' அப்படிப் போகாது. இதற்கு விதி கிடையாது, வினைக்கு வினை பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு ரகமும் இருக்கிறது, அதை இதோடு கலக்காதீர்கள். 'வி ஈட் ரைஸ்', 'வி ஈட் அட் எய்ட்.' இங்கே ஆப்ஜெக்ட் போய்விட்டாலும் சாப்பிடுகிறவர் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். 'ஸ்டாப்' மாதிரி வினைகளில் அப்படி இல்லை, ஆப்ஜெக்டாக இருந்த பஸ்ஸே எழுவாயாகிவிடுகிறது. 'ட்ரிங்க்', 'ரீட்', 'குக்', 'ட்ரைவ்' போன்றவற்றிலும் ஆப்ஜெக்டைச் சொல்லாமல் விடலாம். ('குக்' கொஞ்சம் குறும்பு. 'தி ரைஸ் இஸ் குக்கிங்' என்று சோறும் எழுவாயாகும்.)

'ரைஸ்', 'ரெய்ஸ்' இரண்டும் எனக்கு எப்போதும் குழம்புகிறது.

இவை தமிழ் மாதிரியே வடிவம் மாறும் சில ஜோடிகள். எழு, எழுப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள். 'தி சன் ரைஸஸ்.' 'ஷி ரெய்ஸ்டு ஹெர் ஹேண்ட்.' சூரியன் தானே எழுகிறது, கையை அவள் உயர்த்துகிறாள். 'சிட்', 'செட்' இன்னொரு ஜோடி. விழு, வீழ்த்து என்பதற்கு 'ஃபால்', 'ஃபெல்'. 'எ ட்ரீ ஃபெல் இன் தி விண்ட்' என்றால் காற்றில் கற்பூர மரம் விழுந்தது. 'தே ஃபெல்டு எ ட்ரீ' என்றால் ஆட்கள் வெட்டிச் சாய்த்தார்கள். 'ஃபால்' வினையின் இறந்தகாலமும் 'ஃபெல்' என்பதால்தான் சிக்கல். 'ஃபெல்டு' என்று கடைசியில் ஒரு 'டு' ஒலித்தால் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

ரொம்பத் தொல்லை கொடுப்பது 'லை', 'லே'. படுத்திருப்பது 'லை', அதன் இறந்தகாலம் 'லே', மூன்றாம் வடிவம் 'லெய்ன்'. ஒன்றைக் கிடத்துவது 'லே', இறந்தகாலமும் மூன்றாம் வடிவமும் 'லெய்ட்'. 'தி டாக் லே அண்டர் தி பெஞ்ச் எஸ்டர்டே' இன்டிரான்சிட்டிவ். 'தி ஹென் லெய்ட் அன் எக்' டிரான்சிட்டிவ். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே இதில் அன்றாடம் தடுமாறுகிறார்கள், நீங்கள் தடுமாறினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. தேர்வுத்தாளில் மட்டும் சரியாக எழுதிவிடுங்கள்.

தமிழில் மொழிபெயர்த்து 'ஐ' வேற்றுமை உருபு வருகிறதா என்று பார்த்தால் ஆப்ஜெக்டைக் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா?

நல்ல குறுக்கு வழி, நானும் தொடக்கத்தில் சொல்லிக்கொடுப்பேன். கொழுந்தை, பஸ்ஸை, கதவை என்று வந்தால் பெரும்பாலும் ஆப்ஜெக்ட். ஆனால் தமிழ் 'ஐ' போடும் இடமும் ஆங்கிலம் ஆப்ஜெக்ட் கேட்கும் இடமும் ஒன்றுக்கொன்று அச்சுப் பிசகாமல் பொருந்தாது. நம் ஆட்கள் எழுதும் ஆங்கிலத்தில் பாதிப் பிழை இந்த இடைவெளியில்தான் விழுகிறது. அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில், தமிழில் 'ஐ' வராது, ஆங்கிலத்தில் நேரடி ஆப்ஜெக்ட் வரும் வினைகள். அறைக்குள் நுழைந்தான் என்பது நம் வழக்கு. அந்த 'குள்' மனதில் இருப்பதால் 'என்டர்டு இன்டு தி ரூம்' என்று எழுதிவிடுகிறோம். 'என்டர்டு தி ரூம்' போதும். விலை பற்றிப் பேசினோம் என்பதில் உள்ள 'பற்றி' போய் 'டிஸ்கஸ்டு அபவுட்' ஆகிறது. 'டிஸ்கஸ்டு தி ப்ரைஸ்' என்பதே சரி. அவரோடு கல்யாணம் என்பதால் 'மேரீடு வித் ஹிம்' என்கிறோம், 'மேரீடு ஹிம்' என்று சொல்ல வேண்டும். கேள்விக்குப் பதில் சொன்னான் என்பது 'ஆன்ஸர்டு டு தி கொஸ்டின்' ஆகிவிடுகிறது, அந்த 'டு' வேண்டாம். கூட்டத்துக்குப் போனேன் என்றாலும் 'அட்டெண்டெட் தி மீட்டிங்' தான். அவள் அம்மா மாதிரி இருக்கிறாள், 'ஷி ரிசெம்பிள்ஸ் ஹெர் மதர்'.

'ரீச்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், டாக்சி ஓட்டும் தம்பிகள் தினமும் சொல்லும் சொல். ஊட்டிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்ற நினைப்பில் 'வி வில் ரீச் டு ஊட்டி' என்பார்கள். 'ரீச்' டிரான்சிட்டிவ், நடுவில் எதுவும் வேண்டாம். 'தி ரயில்வே லைன் ரீச்சுடு குன்னூர் இன் 1899 அண்டு ஊட்டி இன் 1908.' தமிழிலும் 'ஊட்டியை எட்டியது' என்று நினைத்தால் பிழை வராது. 'அரைவ்' இதற்கு நேர் எதிர், இன்டிரான்சிட்டிவ். 'அரைவ்டு இன் ஊட்டி', 'அரைவ்டு அட் தி ஸ்டேஷன்' என்று வரும்.

இனி மறுபக்கம். தமிழில் 'ஐ' வரும், ஆங்கிலம் பிரிபொசிஷன் ('டு', 'அட்' போன்ற சிறு சொல்) கேட்கும். பாட்டைக் கேட்டேன் என்கிறோம், ஆங்கிலத்தில் 'லிஸன்டு டு தி சாங்'. 'லிஸன்' இன்டிரான்சிட்டிவ், 'ஹியர்' மட்டும் டிரான்சிட்டிவ். யானையைப் பார்த்தேன் என்பதற்கு 'ஐ சா தி எலிஃபன்ட்' நேராக வரும், ஆனால் 'லுக்' என்றால் 'லுக்டு அட்'. அவனைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது 'லாஃப்டு அட் ஹிம்'.

இந்த 'லுக் அட்', 'லாஃப் அட்' கூட்டத்தில் ஒரு விநோதம்: பேசிவ் வரும். 'ஹி வாஸ் லாஃப்டு அட்' சரியான ஆங்கிலம். அதனால் சில இலக்கண ஆசிரியர்கள் 'லாஃப் அட்' இரண்டையும் சேர்த்து ஒரே டிரான்சிட்டிவ் வினையாகவே கொள்கிறார்கள். பள்ளித் தேர்வுக்கு 'லாஃப்' இன்டிரான்சிட்டிவ் என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும்.

'ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பென்ட்' என்று எழுதினேன், சிவப்பு மையால் சுழித்துவிட்டார்கள். ஏன்?

'ஹேப்பென்' இன்டிரான்சிட்டிவ், ஆப்ஜெக்ட் கிடையாது. ஆப்ஜெக்டே இல்லாதபோது அதை முன்னால் கொண்டுவந்து பேசிவ் ஆக்க ஒன்றுமில்லை. 'தி ஆக்சிடென்ட் ஹேப்பென்ட்' என்று முடித்துவிடுங்கள். மண்சரிவு ஏற்பட்டது, கூட்டம் நடைபெற்றது என்று செய்தித்தாள் தமிழில் படித்துப் படித்து அது பேசிவ் போலத் தோன்றுகிறது என்று நினைக்கிறேன். 'அக்கர்', 'டை', 'அப்பியர்', 'டிசப்பியர்', 'எக்ஸிஸ்ட்', 'பிலாங்', 'அரைவ்' எதற்கும் 'வாஸ்' போட்டுப் பேசிவ் ஆக்க முடியாது. 'ஐ வாஸ் பார்ன் இன் குன்னூர்' மட்டும் எப்படி என்று கேட்பீர்கள். 'பார்ன்' என்பது பெற்றெடுத்தல் என்ற பொருளுள்ள 'பேர்' வினையிலிருந்து வந்தது. அம்மா பெற்றாள், நான் பெறப்பட்டேன். ஆகவே பேசிவ் நியாயம்தான்.

இதற்கு நேர்மாறான பிழையை யாரும் சுழிப்பதில்லை, ஆனால் அதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். 'ரோடு டேமேஜ்டு', 'மை ஃபோன் டேமேஜ்டு'. 'டேமேஜ்' டிரான்சிட்டிவ் மட்டுமே. மழை சாலையைச் சேதப்படுத்தியது என்றால் 'தி ரெய்ன் டேமேஜ்டு தி ரோட்'. மழையைச் சொல்லாமல் சாலையிலிருந்து தொடங்கினால் 'தி ரோட் வாஸ் டேமேஜ்டு' என்று 'வாஸ்' கட்டாயம் வேண்டும். தேவையில்லாத இடத்தில் 'வாஸ்' போடுகிறோம், தேவையான இடத்தில் விட்டுவிடுகிறோம்.

நான் ஹோம்ஸ்டே வைத்திருக்கிறேன். கிளம்பும் விருந்தினரிடம் 'டிட் யூ என்ஜாய்?' என்று கேட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

'என்ஜாய்' தன் பின்னால் ஆப்ஜெக்டை எதிர்பார்க்கிறது. 'டிட் யூ என்ஜாய் யுவர் ஸ்டே?' அல்லது 'டிட் யூ என்ஜாய் இட்?' என்று கேளுங்கள். தமிழில் பேச்சுச் சூழலில் தெரிந்ததைத் திரும்பச் சொல்லமாட்டோம். வர்க்கித் தட்டை நீட்டிவிட்டு 'பிடிச்சிருக்கா?' என்போம், எது என்று சொல்லவேண்டியதில்லை. 'எடுத்துக்கோங்க', 'கொண்டு வாங்க', 'வைங்க', எல்லாமே ஆப்ஜெக்ட் இல்லாமல் அழகாக நிற்கும். ஆங்கிலத்தில் அந்தக் காலியிடத்தில் குறைந்தபட்சம் ஓர் 'இட்' அல்லது 'தெம்' உட்கார வேண்டும். 'டூ யூ லைக் இட்?', 'ப்ளீஸ் ப்ரிங் இட்', 'புட் இட் ஹியர்'. தட்டை வைத்துவிட்டு வெறுமனே 'என்ஜாய்!' என்று சொல்வது இப்போது உணவகங்களில் வழக்கமாகிவிட்டது, அதை விட்டுவிடுங்கள்.

உங்கள் தொழிலில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு வினை 'ஸ்லீப்'. தூங்கு என்ற பொருளில் எந்தப் பாடநூலும் இதை இன்டிரான்சிட்டிவ் என்றுதான் சொல்லும். ஆனால் தங்குமிட விளம்பரத்தில் 'திஸ் காட்டேஜ் ஸ்லீப்ஸ் சிக்ஸ்' என்று வரும். காட்டேஜ் தூங்கவில்லை, ஆறு பேர் படுக்க இடம் இருக்கிறது. 'ரன்' இதே போல. 'ஷி ரன்ஸ் எவ்ரி மார்னிங்' ஓட்டம், 'ஷி ரன்ஸ் எ பேக்கரி' கடை நடத்துவது. ஆப்ஜெக்ட் சேர்ந்தவுடன் பொருளே மாறிப்போகிறது.

ஒரே வினைக்கு இரண்டு ஆப்ஜெக்ட் வருமா?

வரும். 'கிவ்', 'சென்ட்', 'ஷோ', 'டெல்' போன்றவற்றுக்கு. 'ஐ வில் ஷோ யூ தி லேக்.' ஏரி நேரடி ஆப்ஜெக்ட், 'யூ' மறைமுக ஆப்ஜெக்ட். 'எக்ஸ்ப்ளைன்' இந்தக் கூட்டத்தில் சேராது. 'ஐ வில் எக்ஸ்ப்ளைன் யூ தி ரூட்' தவறு, 'ஐ வில் எக்ஸ்ப்ளைன் தி ரூட் டு யூ' சரி. 'டோல்டு டு ஹிம்' வேண்டாம், 'டோல்டு ஹிம்'. 'சே' வினையின் இறந்தகாலமான 'செட்' என்றால் 'செட் டு ஹிம்'.

ஆப்ஜெக்ட் எப்போதும் வினைக்குப் பின்னால்தான் இருக்குமா? தேர்வில் அப்படித் தேடினால் கிடைப்பதில்லை.

சாதாரண வாக்கியத்தில் பின்னால். கேள்வியில் முன்னால் ஓடிவிடும்: 'வாட் டிட் யூ பை?' என்பதில் 'வாட்' தான் ஆப்ஜெக்ட், ஆகவே 'பை' டிரான்சிட்டிவ். 'தி டீ விச் வி ட்ரிங்க்' என்பதில் 'ட்ரிங்க்' வினைக்குப் பின்னால் ஒன்றுமில்லை, ஆனால் 'விச்' அதன் ஆப்ஜெக்ட். பேசிவ் வாக்கியத்தில் அது எழுவாய் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும். ஊட்டி ஏரி இயற்கையானது இல்லை, 1820களில் கோவை கலெக்டராக இருந்த ஜான் சலிவன் உருவாக்கியது. 'தி லேக் வாஸ் மேட் பை சலிவன்' என்பதில் 'மேக்' டிரான்சிட்டிவ்தான். பின்னால் ஆப்ஜெக்ட் இல்லை என்று பார்த்து இன்டிரான்சிட்டிவ் என்று எழுதிவிடாதீர்கள்.

அகராதியில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். கற்பவர்களுக்கான ஆங்கில அகராதிகளில் வினைக்குப் பக்கத்தில் 'டி' என்ற எழுத்து இருந்தால் டிரான்சிட்டிவ், 'ஐ' என்ற எழுத்து இருந்தால் இன்டிரான்சிட்டிவ். பழைய அகராதிகளில் 'வி.டி.', 'வி.ஐ.' என்று இருக்கும். நம் வேற்றுமை உருபு 'ஐ' ஆப்ஜெக்டைக் காட்டும், அகராதியின் 'ஐ' ஆப்ஜெக்ட் இல்லை என்று காட்டும். இந்தக் கூத்தை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு வினைக்கு ஐந்து பொருள் இருந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் குறி போட்டிருப்பார்கள், முதல் வரியோடு மூடிவிடாதீர்கள்.

'ப்ரேக் டவுன்', 'புட் ஆன்' மாதிரி இரட்டைச் சொல் வினைகள்?

அவற்றையும் ஒரே வினையாக எடுத்துப் பாருங்கள். 'தி ஜீப் ப்ரோக் டவுன்' இன்டிரான்சிட்டிவ். 'புட் ஆன் யுவர் ஸ்வெட்டர்' டிரான்சிட்டிவ். 'இட்' வந்தால் நடுவில் போகும்: 'புட் இட் ஆன்'.

பயிற்சிக்கு நாலைந்து வாக்கியம் கொடுங்களேன், விடையோடு.

'எ லேண்ட்ஸ்லைட் பிளாக்டு தி ரோட்.' மண்சரிவு சாலையை மறித்தது, டிரான்சிட்டிவ். 'வி வென்ட் ஹோம்.' ஹோம் இங்கே இடத்தைச் சொல்லும் வினையடை, ஆகவே இன்டிரான்சிட்டிவ். 'ஷி ஸ்மெல்ட் தி ஆயில்.' அவள் தைலத்தை முகர்ந்தாள், டிரான்சிட்டிவ். 'தி ஆயில் ஸ்மெல்ஸ் ஸ்ட்ராங்.' தைலம் நெடியடிக்கிறது, லிங்கிங். 'தி வர்க்கி சோல்டு வெல்.' வர்க்கி நன்றாக விற்றது. விற்றது கடைக்காரர், ஆனால் எழுவாய் வர்க்கி. ஆப்ஜெக்ட் இல்லை, இன்டிரான்சிட்டிவ். தமிழிலும் 'வர்க்கி விற்றது' என்றே சொல்கிறோம் பாருங்கள். கடைசியாக, காட்டெருமை வேலியைத் தாண்டியது: 'தி கௌர் ஜம்ப்டு தி ஃபென்ஸ்' என்றால் டிரான்சிட்டிவ், 'தி கௌர் ஜம்ப்டு ஓவர் தி ஃபென்ஸ்' என்றால் இன்டிரான்சிட்டிவ்.